டவர் கண்ணுக்குத் தெரிகிறது, ரேடியோ ஏன் இரைகிறது?

பெரிய நகரத்தில் ரேடியோ கேட்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான். "எங்கள் ஏரியாவில் எஃப்.எம். சிக்னலே இல்லை." டவர் ஜன்னல் வழியாகவே தெரியும். ராத்திரியில் அதன் சிவப்பு விளக்கு கண்ணில் வந்து விழும். ஆனாலும் சிக்னல் இல்லை என்பார்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை. நகரத்துக்குள் இருக்கும் பெரும்பாலான வீடுகளில் சிக்னல் போதாமல் ரேடியோ கெடுவதில்லை. சிக்னல் கூடிப்போவதாலும், ஒரே சிக்னல் பல வழிகளில் வந்து மோதுவதாலும்தான் கெடுகிறது. இது புரியாமல் ஆளாளுக்குப் பெரிய ஆன்டெனாவும் பூஸ்டரும் வாங்கி மாட்டி நிலைமையை இன்னும் மோசமாக்கிக் கொள்கிறார்கள்.

எனக்கு ரேடியோப் பைத்தியம் உண்டு. வீட்டில் இருந்தபடி மெய்ப்புத் திருத்தும் வேலை, அதனால் காது நாள் முழுக்கச் சும்மாதான் இருக்கிறது. படுக்கையறையில் பழைய ட்யூனர் ஒன்று, சமையலறை ஜன்னலில் பேட்டரியில் ஓடும் சின்ன செட், காரில் கம்பெனி மாட்டிக் கொடுத்தது. ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியை மூன்றிலும் வைத்தால் மூன்று ஸ்டேஷன் மாதிரி இருக்கும். இத்தனைக்கும் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

முதலில் கோளாறைக் காதால் பிரிக்கப் பழக வேண்டும். "கரகர" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொன்னால் மருந்து கிடைக்காது. பேச்சுக்கும் பாட்டுக்கும் பின்னால் மழை பெய்கிற மாதிரி சீராக 'ஸ்ஸ்' என்று இருந்தால், அது நிஜமாகவே சிக்னல் குறைவு. அறிவிப்பாளர் சாதாரணமாகப் பேசும்போது நன்றாக இருந்து, ஸ, ஷ வரும் இடங்களில் மட்டும் காகிதம் கிழிகிற சத்தம் கேட்டால் அது வேறு வியாதி. அடியில் இன்னொரு ஸ்டேஷன் முணுமுணுத்தால் அது மூன்றாவது வகை. 'ர்ர்ர்' என்று ஒரே சுருதியில் ரீங்காரம் இருந்தால் டவரை விட்டுவிட்டு உங்கள் வீட்டு பல்பைப் பாருங்கள்.

நகரத்தின் தனிச்சொத்து என்றால் அந்த இரண்டாவது வகைதான். 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு ரேடியோ அலையின் நீளம் 3 மீட்டர். அந்த அளவு அலைக்குக் கட்டடச் சுவர், உலோகம் பூசிய கண்ணாடி முகப்பு, மேம்பாலம், கிரேன் எல்லாமே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி, பட்டதைத் திருப்பி அனுப்பும். டவரில் இருந்து நேராக ஒரு அலை வரும். எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பி அதே அலை கொஞ்சம் தாமதமாக வரும். இரண்டின் முகடுகளும் ஒன்று சேர்ந்தால் பலம் கூடும். ஒன்றின் முகடும் இன்னொன்றின் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போய்விடும். எதிரெதிர்த் திசையில் இருந்து வரும் இரண்டு அலைகளுக்கு இப்படிச் சிக்னல் செத்துப்போகும் இடம் ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் ஒரு தடவை வரும். இனி பள்ளம் என்று நான் சொல்வது அந்த இடத்தைத்தான். மிக நல்ல இடத்தில் இருந்து மிக மோசமான இடத்துக்கு முக்கால் மீட்டர்தான் தூரம். என் மேஜையின் இந்த ஓரத்தில் இருக்கும் ரேடியோ பாட, அந்த ஓரத்தில் வைத்தது இருமுவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஸ்டேஷன்காரர்கள் தங்கள் டிரான்ஸ்மிட்டரின் பவரை இரட்டிப்பாக்கினால் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் 3 டெசிபல் (பலம் எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவு). காதுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆன்டெனாவை ஒரு பள்ளத்தில் இருந்து இரண்டு அடி நகர்த்தினால் 20 டெசிபல் கூடக் கிடைக்கலாம். அதாவது நூறு மடங்கு. டவருக்கு எவ்வளவு செலவு செய்தாலும் கிடைக்காத லாபம் உங்கள் அலமாரிக்கு மேலே காசில்லாமல் கிடக்கிறது.

சத்தம் குறைவதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கிழிகிற சத்தம்தான் பொறுக்காது. எஃப்.எம்.மைக் கண்டுபிடித்த எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை வாங்கினார். அவர் குறிவைத்தது இடி, மின்னல், மோட்டார் முதலியவற்றால் ஏ.எம். ரேடியோவில் வரும் வெடிச்சத்தத்தை. அலையின் உயரத்தில் செய்தியை ஏற்றினால்தானே இடி அதைக் கெடுக்கும்? அதிர்வெண்ணில் ஏற்றிவிட்டு, ரிசீவரில் உயரத்தைச் சமமாக வெட்டிவிட்டால் இரைச்சலும் சேர்ந்து போய்விடும் என்பது அவர் யோசனை. 1935-இல் நியூயார்க்கில் பொறியாளர்கள் கூட்டத்தில் செய்து காட்டினார். அருமையான யோசனைதான். ஆனால் தாமதமாக வந்து சேரும் எதிரொலி, உயரத்தோடு அதிர்வெண்ணின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே கலைத்துவிடுகிறது. உயரத்தை வெட்டுகிற கத்தியால் இதைத் தொட முடியாது. செய்தியே அதிர்வெண்ணில்தானே இருக்கிறது.

இதில் ஸ்டீரியோ வந்து சேர்ந்தது இன்னொரு கதை. 1961-இல் அமெரிக்காவில் ஸ்டீரியோ முறையை அங்கீகரித்தபோது, இடது வலது பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே ஒலியாகத் தரும் பழைய மோனோ ரேடியோக்களிலும் அதே ஒலிபரப்பைக் கேட்க முடிய வேண்டும் என்று நிபந்தனை. அதனால் இடது, வலது இரண்டின் கூட்டலை வழக்கமான இடத்தில் வைத்தார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் 38 கிலோஹெர்ட்ஸில், காதுக்கு எட்டாத உயரத்தில், தனியாக ஏற்றினார்கள். அதைப் பிரித்தெடுக்க 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டி ஒலியும் கூடவே போகும். சாமர்த்தியமான ஏற்பாடு. ஆனால் எஃப்.எம்.மில் மேலே போகப் போக இரைச்சல் கூடும். அந்த 38 கிலோஹெர்ட்ஸ் மாடியில் குடியிருக்கும் வித்தியாசச் சிக்னல் முழு இரைச்சலையும் வாங்கிக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. ஒரே சிக்னலை மோனோவில் கேட்பதற்கும் ஸ்டீரியோவில் கேட்பதற்கும் இரைச்சலில் 20 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் உண்டு.

எதிரொலிக்கும் முதல் பலி ஸ்டீரியோதான். ரேடியோ அலை ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் போகும். தூரத்தில் இருக்கும் ஒரு அடுக்குமாடியில் பட்டு 3 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால் 10 மைக்ரோ வினாடி தாமதம். பேச்சுக் குரலுக்கு இந்தத் தாமதம் தூசு மாதிரி. ஆனால் 38 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றே 26 மைக்ரோ வினாடிதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடறினால் இடது வலது பிரிப்பது எப்படி? கிழியத்தான் செய்யும்.

ஆக, நகரத்து ரேடியோவுக்கு முதல் மருந்து மோனோ பொத்தான். என் பழைய ட்யூனரில் முன்பக்கம், விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அமுக்கியதும் யாரோ ஜன்னலைச் சாத்திய மாதிரி இரைச்சல் நின்றுவிடும். புதிதாக வரும் செட்டுகளில் வண்ண விளக்கு இருக்கிறது, புளூடூத் இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது. மோனோ பொத்தானை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு ஸ்பீக்கர் உள்ள செட்டைக் கூட ஹெட்போன் செருகினால் தானாக ஸ்டீரியோவுக்குத் தாவுகிற மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். யார் கேட்டார்கள்?

கார் ரேடியோக்களில் இந்த வேலையைச் செட்டே செய்துகொள்கிறது. சிக்னல் தள்ளாடினால் ஸ்டீரியோவை மெதுவாக மோனோவாக்கும், அப்புறம் உச்ச ஸ்தாயியைக் குறைக்கும், இன்னும் மோசமானால் சத்தத்தையே தணிக்கும். பாட்டு திடீரென்று போர்வைக்குள் போய்விட்டு வெளியே வருவது போல இருப்பது இதனால்தான். வண்டி ஓடும்போது பள்ளங்களை வரிசையாகத் தாண்டிக்கொண்டே போகிறோம். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 15 மீட்டர். ஒன்றரை மீட்டருக்கு ஒரு பள்ளம் என்று வைத்தால் வினாடிக்குப் பத்து. அந்த 'பட் பட் பட்' என்ற துடிப்பு அதுதான். போக்குவரத்து விளக்கில் சிவப்பு விழுந்து வண்டி சரியாக ஒரு பள்ளத்தில் நின்றுவிட்டால் செய்தியின் முக்கியமான வாக்கியம் போயே போய்விடும். முன்னால் இருக்கும் வண்டி இரண்டு அடி நகர்ந்தால் போதும், நானும் நகர்ந்து மீதியைக் கேட்டுவிடுவேன். பின்னால் இருப்பவர் இந்த ஆள் ஏன் ஊர்ந்துகொண்டே இருக்கிறான் என்று நினைத்திருப்பார்.

அடுத்தது, சிக்னல் கூடிப்போகும் கோளாறு. இதற்கு எங்கள் எதிர் ஃப்ளாட்டுக்காரர்தான் உதாரணம். நல்ல மனிதர், எதையும் பெரிதாகச் செய்தால்தான் அவருக்குத் திருப்தி. பால்கனியில் நீளமான ஆன்டெனா ஒன்றைக் கட்டி, நடுவில் பூஸ்டரும் வைத்தார். மறுநாள் கதவைத் தட்டினார்.

"சார், பூஸ்டர் பிரமாதம். பக்கத்து டவர்க்காரன் இப்போ அஞ்சு இடத்துல வர்றான்!"

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கெடுத்தேன். ரிசீவரின் முதல் படி ஒரு அளவுக்கு மேல் சிக்னலைத் தாங்காது. தாங்காதபோது உள்ளே வரும் பலமான ஸ்டேஷன்களை ஒன்றோடொன்று கலந்து, இல்லாத ஸ்டேஷன்களை உற்பத்தி செய்யும். கணக்கு சுலபம். 93 மெகாஹெர்ட்ஸிலும் 95 மெகாஹெர்ட்ஸிலும் இரண்டு பலமான ஸ்டேஷன்கள் இருந்தால், 91-இலும் 97-இலும் அவற்றின் பேய்கள் எழும். முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால் ஒன்று, மாற்றிச் செய்தால் இன்னொன்று. அந்த இடங்களில் ஏற்கெனவே உண்மையான ஸ்டேஷன்கள் இருந்தால் அவற்றின் கதி அதோகதிதான்.

எல்லா ஸ்டேஷன்களும் ஒரே டவரில் இருந்து அனுப்பினால் இந்தத் தொல்லை குறையும், நமக்கு எல்லாமே ஏறக்குறைய ஒரே பலத்தில் வந்து சேரும். நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் பல எஃப்.எம். ஸ்டேஷன்கள் ஒன்றாகக் குடியிருக்கின்றன. டவர்கள் நகரம் முழுக்கச் சிதறி இருந்தால்தான் வினை. ஒரு டவர் உங்களுக்கு 1 கிலோமீட்டரிலும் இன்னொன்று 20 கிலோமீட்டரிலும் இருக்கிறது, இரண்டும் ஒரே பவரில் அனுப்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுவில் எந்தத் தடையும் இல்லாவிட்டால் கூட உங்கள் ஆன்டெனாவில் வித்தியாசம் 400 மடங்கு. தடையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அவரிடம் பூஸ்டரைக் கழற்றச் சொன்னேன். ஆன்டெனாவை உள்ளே கொண்டுவந்து, டவர் இல்லாத பக்கத்துச் சுவரில் சாத்தினோம். பேய்கள் போய்விட்டன. தூரத்து ஸ்டேஷன் ஒன்று அவருக்கு முதல் தடவையாகத் தெளிவாகக் கேட்டது. பூஸ்டருக்குக் கொடுத்த பணத்தை நினைத்து அவர் இன்னும் வருத்தப்படுகிறார். அதை எடுத்து டிவிக்கு மாட்டலாமா என்று அடிக்கடி கேட்கிறார்.

சின்ன செட்டுகளில் ராடு ஆன்டெனாவை முழுதாக இழுப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். கால் அலை நீளமான 75 சென்டிமீட்டருக்கு மேல் இழுத்து ஒரு பயனும் இல்லை. டவர் பக்கத்தில் இருந்தால் பாதியாகச் சுருக்கிப் பாருங்கள். நிமிர்த்தி, சாய்த்து, படுக்க வைத்தும் பாருங்கள். பல ஸ்டேஷன்கள் செங்குத்தாகவும் கிடையாகவும் கலந்து அனுப்புகின்றன, கட்டடங்களில் பட்டுப் புரண்டு வரும்போது எந்தச் சாய்வில் வந்து சேரும் என்று சொல்ல முடியாது. போனில் கேட்பவர்களுக்கு ஹெட்போன் வயர்தான் ஆன்டெனா. அதைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்றால் எப்படி?

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. பழைய அமைப்புள்ள செட்டுகளில் ரிசீவர் உள்ளே 10.7 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் சிக்னலைக் கையாளும். அதனால் நாம் வைத்த இடத்துக்கு 21.4 மெகாஹெர்ட்ஸ் மேலே இருப்பதும் சற்றே கசியும். 98-இல் வைத்தால் 119.4. அது விமானிகள் பேசும் பகுதி. மலிவான செட்டில் பாட்டுக்கு நடுவே யாரோ எண்களைப் படித்தால் பயப்பட வேண்டாம்.

சரி, நிஜமாகவே சிக்னல் எட்டாத இடங்களே இல்லையா? இருக்கின்றன. எஃப்.எம். அலை பெரும்பாலும் பார்வைக்கோட்டில் போவது. 100 மீட்டர் உயர டவரின் ரேடியோ அடிவானம் சுமார் 41 கிலோமீட்டர். காகிதத்தில் நகரம் முழுக்க அடங்கிவிடும். ஆனால் உயரமான கட்டடத்தின் நிழலில் இருக்கும் முதல் மாடி வீடு, கம்பி நிறைந்த கான்கிரீட்டுக்கு நடுவே ஜன்னல் இல்லாத அறை, வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சுக் கண்ணாடி போட்ட அலுவலகம், அடித்தள வண்டி நிறுத்தம், இவையெல்லாம் உண்மையான இருட்டு. சுரங்கப் பாதைகளில் வழி நெடுகச் சிக்னலைக் கசியவிடும் கேபிளைப் பதித்தால்தான் ரேடியோ பாடும். இந்த இடங்களுக்கு ஜன்னலோரம் ஒரு ஆன்டெனா கட்டி வயர் இழுத்து வருவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு 'டி' வடிவில் விரித்த சாதாரண வயரே போதும். நான் அதை அலமாரிக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இனி ஸ்டேஷன் பக்கத்துக் குற்றம். எஃப்.எம்.மில் இரைச்சலைக் குறைக்க, அனுப்பும்போது உச்ச ஸ்தாயியைத் தூக்கி அனுப்பிவிட்டு, ரிசீவரில் அதே அளவு இறக்குவார்கள். எவ்வளவு தூக்குவது என்பதை மைக்ரோ வினாடியில் குறிப்பார்கள். 50 மைக்ரோ வினாடி கணக்குள்ள நாடுகளில் 15 கிலோஹெர்ட்ஸில் இந்தத் தூக்கல் சுமார் 14 டெசிபல், அமெரிக்காவின் 75 மைக்ரோ வினாடி கணக்கில் சுமார் 17. அந்தக் காலத்து இசைப்பதிவுகளில் உச்ச ஸ்தாயி கொஞ்சமாக இருந்ததால் இது பொருந்தியது. இன்றைய பாட்டில் மேலே எல்லாம் நிரம்பி வழிகிறது. அதையும் தூக்கினால் அனுமதித்த எல்லையைத் தாண்டும். தாண்டாமல் இருக்க வெட்டுகிறார்கள். வெட்டினால் ஸ, ஷ கிழியும்.

1975-இல் ஆர்பன் நிறுவனத்தின் ஆப்டிமாட் கருவி வந்ததில் இருந்து இந்த வெட்டும் அமுக்கும் வேலையை நேர்த்தியாகச் செய்ய முடிகிறது. நேர்த்தியாகச் செய்யலாம், ஆனால் பக்கத்து ஸ்டேஷனை விட நம்முடையது ஒரு படி சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் கருவி என்ன செய்யும்? மெல்லிய இடம் என்று ஒன்று இல்லாமல், பாட்டு ஆரம்பத்தில் இருந்து முடிவு வரை ஒரே கூச்சல். ஏற்கெனவே சுருக்கிய எம்பி3 கோப்பை வாங்கி, டவருக்கு அனுப்பும் இணைப்பில் மறுபடியும் சுருக்கி, அதை இப்படிப் பிழிந்தால் மிஞ்சுவது சக்கை. இதில் கொடுமை என்னவென்றால், இப்படி எல்லை வரை நிரப்பிய ஒலிபரப்புதான் எதிரொலியிலும் அதிகமாகக் கிழிகிறது. அடக்கமாகப் பேசும் ஸ்டேஷன் அதே டவரில் இருந்து அதே பவரில் என் வீட்டுக்கு அழகாக வந்து சேர்கிறது.

குற்றம் யாருடையது என்று கண்டுபிடிக்க வழி உண்டு. நகரத்தின் இரண்டு வேறு மூலைகளில், இரண்டு வேறு செட்டுகளில், மோனோவில் கேளுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் அதே மாதிரி கிழிந்தால் அது அவர்கள் சமாச்சாரம். இந்தக் கிழிசலைப் பற்றி ஒரு ஸ்டேஷனுக்கு எழுதினேன். "எங்கள் சிக்னல் முழு பலத்தில் போய்க்கொண்டிருக்கிறது" என்று பதில் வந்தது. நான் பலத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதற்கப்புறம் எழுதும்போது இடம், நேரம், எந்தச் செட், மோனோவில் என்ன ஆனது, ஜன்னலில் என்ன ஆனது என்று வரிசையாக எழுதுகிறேன். ஒரு பொறியாளர் அதைப் படித்துவிட்டு நிஜமாகவே கூப்பிட்டுப் பேசினார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் அதிகாரம் தன்னிடம் இல்லை என்றார். நம்புகிறேன்.

இணையத்தில் கேட்டுவிட்டுப் போவதுதானே என்று என் தங்கை மகன் சொல்கிறான். கேட்கலாம். அதிலும் அதே பிழிந்த ஒலிதான் பல இடங்களில் வருகிறது, கூடவே சில வினாடித் தாமதம் வேறு. நார்வே 2017-இல் தேசிய ஒலிபரப்புகளை எஃப்.எம்.மில் இருந்து டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டது. டிஜிட்டலில் எதிரொலி ஒரு அளவு வரைக்கும் உதவியாகக் கூட இருக்கும். அது எங்கள் நகரத்துக்கு வரும்போது பார்க்கலாம்.

வீட்டுக்குள் எழும் ரீங்காரத்துக்கு எளிய பரிசோதனை: பேட்டரி செட்டைப் பாட வைத்துவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். ரீங்காரம் நின்றால் எதிரி வீட்டுக்குள். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தால் பிடிபடும். பெரும்பாலும் எல்.இ.டி. பல்பு அல்லது பெயர் தெரியாத சார்ஜர். எனக்குப் படுக்கை விளக்குதான் குற்றவாளியாக இருந்தது, மாற்றிவிட்டேன். இப்போது பாக்கி இருப்பது மாடிப்படி விளக்குகள். புதிதாக மாட்டியதில் இருந்து சாயங்காலம் அவை எரிந்ததும் சமையலறை செட்டில் 104-க்கு மேல் எல்லாம் ரீங்காரம். குடியிருப்போர் சங்கத்தில் சொல்லியிருக்கிறேன். வெளிச்சம் நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார் செயலாளர். என் தளத்து விளக்குக்கு மட்டும் என் செலவில், வயர் வழியாகக் கசியும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டிக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறேன், எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.